புளித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்: வீட்டுக் கொம்புச்சா கேள்வி பதில்

போன இதழில் நீராகாரம் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இனிப்பு டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சா என்ற பானம் பற்றித்தான். புதிதாகப் போடப் போகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கைதேர்ந்தவர்களின் கேள்விகள் அடுத்த இதழில் வரும்.

கோவை வாசகி: அக்கா, கடையில் வாங்கிக் குடித்தேன், பிடித்துவிட்டது. ஆனால் அந்த விலைக்கு அடிக்கடி வாங்க முடியாது. வீட்டில் போட முதலில் என்ன வேண்டும், எப்படிப் போடுவது?

டீத்தூள், சர்க்கரை, தண்ணீர், ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு சுத்தமான பருத்தித் துணி. இவையெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். இல்லாத ஒன்று, ஏற்கெனவே புளித்த கொம்புச்சா. அதைத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள், கூடவே அதன் மேல் பாலாடை போல மிதக்கும் ஆடையில் ஒரு துண்டும் கிடைத்தால் நல்லது. அந்த ஆடையைத்தான் ஸ்கோபி என்று சொல்லி விற்கிறார்கள். எல்லோரும் அதையே பொக்கிஷம் போலப் பார்த்துக்கொண்டு அது ஊறிக்கிடந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. தயிருக்கு உறை மோர் எப்படியோ அப்படித்தான் கொம்புச்சாவுக்கு அந்தப் புளித்த தண்ணீர். வேலை செய்யும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் நிறைந்திருக்கின்றன, புதுக் கலவையை முதல் நாளிலிருந்து காப்பாற்றும் புளிப்பும் அதிலிருந்துதான் வருகிறது. இனி அதை உறைநீர் என்றே சொல்கிறேன்.

முதல் தடவைக்கு ஒரு லிட்டர் போதும். ஜாடி மட்டும் இரண்டு லிட்டர் பிடிப்பதாக, வாய் அகலமாக இருக்கட்டும். 400 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 5 அல்லது 6 கிராம் டீத்தூள் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இலைத் தேயிலை என்றால் குவியலாக இரண்டு டீஸ்பூன். வடிகட்டி, சூடு இருக்கும்போதே 70 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள், அப்புறம் கொதித்து ஆறிய தண்ணீர் 600 மில்லி சேருங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தாலே பெரும்பாலும் போய்விடும். இப்போது பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், கையில் சூடே தெரியக் கூடாது. இளஞ்சூடு இருந்தாலும் பொறுங்கள், அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் உறைநீரில் இருக்கும் உயிர் செத்துப்போகும். நன்றாக ஆறியதும் ஜாடியில் ஊற்றி, 150 மில்லி உறைநீர் சேர்த்து, ஆடை இருந்தால் மேலே விட்டு, துணியால் வாயை மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் அருமையாக இருக்கும். வலைபோல ஓட்டை இருக்கும் துணி வேண்டவே வேண்டாம், வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈ அதில் சுலபமாக நுழைந்துவிடும். மூடியைப் போட்டு இறுக்காதீர்கள், இந்தக் கட்டத்தில் அதற்குக் காற்று வேண்டும்.

அப்புறம் நேரடி வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு ஆட்டாமல் விடுங்கள். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துக் கொஞ்சம் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாக்கும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலை எடுத்து அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலமாக மாற்றும். மேலே படியும் ஆடை அந்த பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். பானங்களில் ஜெல்லித் துண்டுகளாக மிதக்கும் நாட்டா டி கோகோவைத் தேங்காய்த் தண்ணீரில் உண்டாக்குவதும் இதே இனம்தான்.

ஐந்தாம் நாளிலிருந்து ஒரு ஸ்ட்ராவை ஆடையின் ஓரமாக விட்டுத் துளி எடுத்து ருசி பாருங்கள். இனிப்பும் புளிப்பும் சமமாக வந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பாட்டிலில் ஊற்றுவதற்கு முன்னால், வேறு எதுவும் கலப்பதற்கு முன்னால், அடுத்த தடவைக்கான உறைநீரை எடுத்து வைத்துவிடுங்கள். அதையும் மேல்பகுதியிலிருந்து எடுங்கள், ஏனென்றால் அடியில் ஈஸ்ட்தான் அதிகம் தங்கும்.

சேலம் வாசகர்: இணையத்தில் ஆர்டர் செய்தேன். ஒரு பிளாஸ்டிக் பையில் ஆடை மட்டும் வந்தது, தண்ணீர் இரண்டு ஸ்பூன்கூட இருக்காது. அவர்கள் கொடுத்த குறிப்பில் ஒரு லிட்டர் டீயில் போடச் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா?

ஒரு லிட்டரில் போடாதீர்கள். அவ்வளவு டீயில் இரண்டு ஸ்பூன் உறைநீர் புளிப்பே காட்டாது, முதல் இரண்டு மூன்று நாள் வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தான் கிடக்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கால் லிட்டர் இனிப்பு டீ மட்டும் போட்டு, ஆடையையும் இருக்கிற தண்ணீர் முழுவதையும் அதில் சேருங்கள். அது நன்றாகப் புளிக்கட்டும், வாயில் வைத்தால் முகம் சுளிக்கும் அளவுக்கு. அதில் ஒரு சொட்டும் குடிக்காமல் முழுவதையும் அடுத்த ஒரு லிட்டருக்கு உறைநீராக ஊற்றிவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளுங்கள், ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம். கலந்து முடித்ததுமே பிஎச் 4.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் உறைநீர் வேண்டும் என்று அர்த்தம். குடிக்கும் பக்குவத்தில் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கும்.

ஆடையே கிடைக்கவில்லை என்று எழுதியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடையில் சுவை எதுவும் சேர்க்காத, பாஸ்டரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கி உள்ளே இருக்கும் உயிரைக் கொல்லாத கொம்புச்சா ஒரு பாட்டில் வாங்கி, கால் லிட்டர் இனிப்பு டீயில் முழுவதையும் ஊற்றித் துணி கட்டி வைத்தால் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் புது ஆடை தானாகப் படியும்.

வேளச்சேரி வாசகி: நான்காம் நாள் மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்திருக்கிறது, அடியில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாகத் தொங்குகிறது. என் மாமியார் கொட்டச் சொல்கிறார். கொட்டவா?

வெளிச்சத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திட்டுகள் ஈரமாக, பளபளவென்று, கஞ்சித் தண்ணீர் நிறத்தில் மேற்பரப்போடு ஒட்டிக் கிடந்தால் அது புது ஆடை, நல்ல செய்தி. பழுப்பு நூல் ஈஸ்ட்தான், அதுவும் பயமில்லை. பழைய ஆடை மூழ்கினாலும் சரிந்து நின்றாலும் பிரச்சினை இல்லை, மேலே புதிது வரும்.

பூஞ்சை வேறு மாதிரி இருக்கும். உலர்ந்து, பஞ்சு மாதிரி முடி முளைத்து, பெரும்பாலும் வட்டமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும். வெள்ளை, சாம்பல், பச்சை, கருப்பு எந்த நிறத்திலும் வரலாம். அதைப் பார்த்துவிட்டால் உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி, ஆடை, தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ஆடையைக் கழுவி மறுபடி போடலாம், மேலாக வழித்துவிட்டுக் குடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் பூஞ்சை மட்டும்தான், அது விடும் நச்சு உள்ளேயும் கலந்திருக்கலாம். ஜாடியைச் சோப்பு போட்டுக் கழுவி வெந்நீரில் அலசிவிட்டுப் புது உறைநீரோடு ஆரம்பியுங்கள். துணிக்குள் ஈ முட்டையிட்டுப் புழு நெளிந்தாலும் இதே முடிவுதான்.

சுருக்கம் விழுந்த மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்றும் சில சமயம் வரும். அது காட்டு ஈஸ்ட், ஆபத்து பெரிதாக இல்லை, ஆனால் ருசி கெட்டுவிடும், அதை உறைநீராக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

மதுரை வாசகர்: இங்கே அடிக்கும் வெயிலில் இதெல்லாம் சாத்தியமா? குறிப்புகளில் எல்லாம் 24, 25 டிகிரி என்று போடுகிறார்கள்.

சாத்தியம்தான், நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளில் 7 முதல் 10 நாள் என்று இருப்பது அந்தக் குளிருக்கு. நம் ஊரில் வீட்டுக்குள் 31, 32 டிகிரி இருக்கும்போது ஐந்து ஆறு நாளிலேயே வந்துவிடும். சித்திரையில் நான்காம் நாளே ருசி பாருங்கள். 35-ஐத் தாண்டினால்தான் தொல்லை. ஈஸ்ட் வேகமாக ஓட பாக்டீரியா பின்தங்கிவிடும், புளிப்பு வருவதற்குள் கள் வாடை வந்துவிடும்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தரை மட்டம்தான். ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் ஜாடியை வையுங்கள், ஜாடியின் கீழ்ப்பாதியில் ஈரத்துணி சுற்றி அதன் நுனி தட்டுத் தண்ணீரில் கிடக்கட்டும். தண்ணீர் ஆவியாக ஆவியாக இரண்டு மூன்று டிகிரி இறங்கும். எறும்பும் ஏறாது. இனிப்பு டீ இருக்கும் இடத்தில் நம் ஊர் எறும்பு வராமல் இருக்குமா? வாயில் கட்டிய துணி மட்டும் நனையவே கூடாது, நனைந்தால் பூஞ்சை அதிலிருந்துதான் தொடங்கும்.

ஊட்டி வாசகி: எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இரண்டு வாரமாகியும் இனிப்பாகவே இருக்கிறது.

குளிரில் உறைநீரைக் கூட்டுங்கள், லிட்டருக்கு 200 மில்லி, முடிந்தால் 250. மந்தமாக வேலை நடக்கும் நாட்களில் அந்தப் புளிப்புதான் காவல். இரவில் 12 டிகிரி வரை இறங்கும் வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல்தளம் போல லேசான சூடு இருக்கும் இடத்தில் வையுங்கள், மூன்று வாரம் ஆனாலும் கவலைப்படாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் புகை துணியில் படியும். உங்களுக்கு நல்ல இலைத் தேயிலை கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டஸ்ட் டீயில் போட்டாலும் வரும், ஆனால் கலங்கலாக, துவர்ப்பாக இருக்கும்.

தூத்துக்குடி வாசகி: வெள்ளைச் சர்க்கரை எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. கருப்பட்டியில் போடலாமா? தேன்?

முதல் மூன்று நான்கு தடவை வெள்ளைச் சர்க்கரையிலேயே போடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன், உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும். ஈஸ்ட்டுக்குச் சுலபமானது அது, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் தெளிவாக இருக்கும். கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் தாதுக்கள், மண், வேறு வேறு சர்க்கரைகள் எல்லாம் கலந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஆடை நன்றாகத் தேறிய பிறகு அதில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து, காய்ச்சி வடிகட்டிய கருப்பட்டிப் பாகில் பழக்குங்கள். உடன்குடிக் கருப்பட்டியில் போட்டால் வரும் அந்தப் புகை மணம் தனி. தாய் ஜாடி சர்க்கரையிலேயே இருக்கட்டும்.

தேன், பச்சைத் தேயிலை இரண்டும் சேர்த்துப் போடுவது ஜுன் என்று தனி வகை, அதற்குப் பழகிய உறைநீர் வேறு. ஏலக்காய் டீ, மசாலா டீ, வாசனை எண்ணெய் சேர்த்த டீ எதிலும் போட வேண்டாம், அந்த எண்ணெய் பாக்டீரியாவுக்கு ஆகாது.

திண்டுக்கல் வாசகர்: பாட்டியின் ஊறுகாய் ஜாடி சும்மா கிடக்கிறது. அதில் போடலாமா? செம்புப் பானையில்?

இரண்டிலும் வேண்டாம். பழைய பீங்கான் ஜாடிகளின் மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கலாம், நாள்கணக்காக நிற்கும் அமிலம் அதைக் கரைத்துவிடும். பீங்கான் பானையில் கொம்புச்சா போட்டுக் குடித்த தம்பதிக்கு ஈய நச்சு ஏறியதை 1998-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயப் பூச்சு எதுவும் ஆகாது. எவர்சில்வர் வடிகட்டி, கரண்டி படுவதால் ஒன்றும் ஆகிவிடாது, புளிக்க வைப்பது மட்டும் கண்ணாடியில்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: கடைக் கொம்புச்சா போலச் சுரீரென்று கேஸ் வரவில்லை. மூடி போட்டு வெளியே வைத்தால் பாட்டில் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் நியாயமானது. துணி கட்டிய ஜாடியில் வாயு வெளியே போய்விடும், அதனால் கேஸ் இருக்காது. உறைநீரை எடுத்து வைத்த பிறகு மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் இனிப்பு சேர்த்து, மூடி, ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்தால் கேஸ் சேரும். அரை லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பன்னீர் திராட்சைச் சாறு, அல்லது ஒரு டீஸ்பூன் துருவிய இஞ்சியோடு அரை டீஸ்பூன் சர்க்கரை போதும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். மாம்பழக் கூழ் போட ஆசை வரும், ஆனால் அது அழுத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றும், புதிதாகச் செய்கிறவர்கள் தொட வேண்டாம்.

முதல் சில தடவை கண்ணாடியே வேண்டாம். காலியான பிளாஸ்டிக் சோடா பாட்டிலை நன்றாகக் கழுவி அதில் ஊற்றுங்கள். தினம் இரண்டு வேளை விரலால் அழுத்திப் பாருங்கள். முதல் நாள் காலை அமுங்கும், சாயங்காலம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அழுத்தினால் கல் மாதிரி இருக்கும் நிமிடம் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெயில் காலத்தில் இதற்கு ஒரே நாள்கூடப் போதும். அந்த வேகம் கைக்குப் பிடிபட்ட பிறகு கண்ணாடிக்கு மாறுங்கள், அதுவும் சோடா, பீர் போன்ற கேஸ் பானத்துக்கென்றே செய்த தடித்த பாட்டிலாக, உருண்டையாக. அழகுக்காக விற்கும் சதுரக் கண்ணாடி பாட்டில்கள், கம்பி மூடி போட்டிருந்தாலும், அழுத்தம் தாங்குவதற்காகச் செய்தவை அல்ல. அவை வெடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்துக்கு வரும். பாட்டில்களை ஒரு மூடிய பெட்டிக்குள் வையுங்கள், குழந்தைகள் கை படாத இடத்தில். திறப்பது நன்றாகக் குளிர்ந்த பிறகுதான், சிங்க் மேல் வைத்து, மெதுவாக.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருச்சி: இதில் ஆல்கஹால் இருக்கிறதா இல்லையா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாமா?

இருக்கிறது. அமெரிக்காவில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் மதுபானக் கணக்கில் வந்துவிடும். 2010-ல் பாட்டிலுக்குள் தொடர்ந்து புளித்து அந்த அளவு ஏறியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் அங்கே பல ஊர்களில் இருக்கும் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகைக் கடைகள் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுத்தன. வீட்டில் போடுவதில் ஒன்று, இரண்டு சதவீதம் வரை போகலாம், மூடி போட்டுக் கேஸ் ஏற்றினால் இன்னும் கூடும். நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே குழந்தைகளுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதிப்பு இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மது கூடாது என்று மருத்துவர் சொன்ன மருந்து எதையாவது சாப்பிடுகிறவர்களும்தான். மதத்தாலோ விரதத்தாலோ மது தொடாதவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், குடிப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். சொல்லாமல் ஊற்றிக் கொடுப்பது தவறு.

மற்றவர்கள் ஒரு நாளைக்கு 120 மில்லியில் தொடங்கலாம். 1995-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறிக் கடுமையாக உடம்பு கெட்டது, ஒருவர் இறந்துபோனார். காரணம் கொம்புச்சாதான் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் அளவு பற்றி எல்லோரும் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் வேண்டாம். குடித்ததும் பல் தேய்க்காதீர்கள், அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போதும்.

விழுப்புரம் வாசகர்: சுகர் குறையும், புற்றுநோய்கூட வராது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எனக்குச் சர்க்கரை நோய், தினம் குடிக்கலாமா?

புற்றுநோய் பற்றிய பேச்சை அப்படியே அழித்துவிடுங்கள், மனிதர்களிடம் அதற்கு ஆதாரம் கிடையாது. சர்க்கரை விஷயத்தில் 2023-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 12 பேருக்கு நான்கு வாரம் தினமும் 240 மில்லி கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. வெறும் 12 பேர். பெரிய ஆய்வு வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். இதை நம்பி மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

வீட்டுக் கொம்புச்சாவில் லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரை போடுகிறோம். ஏழு நாளில் அது முழுவதும் தீர்ந்துவிடாது, கணிசமான பங்கு குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் மிச்சம் இருக்கும், கேஸ் ஏற்றப் பழச்சாறு சேர்த்தால் இன்னும் கூடும். புளிப்பாக இருப்பதால் சர்க்கரை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் அரை டம்ளர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள், உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அதில் தெரியும்.

நாகர்கோவில் வாசகி: பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். ஜாடியை என்ன செய்வது?

கிளம்புவதற்கு முதல் நாள் புது இனிப்பு டீயும் தாராளமாக உறைநீரும் ஊற்றி, துணி கட்டி, தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் பாக்டீரியா சோர்ந்துவிடும், வெளியே எடுத்தபின் பூஞ்சை முந்திக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் குடிக்க முடியாத அளவுக்குப் புளித்திருக்கும், பூஞ்சை இல்லை என்றால் அது முதல்தரமான உறைநீர். மிச்சத்தை வெங்காயப் பச்சடியில் வினிகருக்குப் பதில் ஒரு ஸ்பூன் விடலாம். ஊறுகாய் கெடாமல் இருக்க அதை நம்பி ஊற்ற வேண்டாம், அதில் அமிலம் எவ்வளவு என்று வீட்டில் கணக்குப் பார்க்க வழியில்லை. வரும்போது ஆடை இரண்டு விரல் தடிமனாக வளர்ந்திருந்தால் மேலடுக்கை வைத்துக்கொண்டு, பழுத்துக் கறுத்த அடியடுக்கைச் செடிக்கு உரக்குழியில் போட்டுவிடுங்கள்.